சாலைச் சோதனையும் சொல்லின் நோக்கமும்

மது அருந்தி வாகனமோட்டுவோரைக் கண்டறிய, காவலர் சாலையில் வரும் வாகனங்களையெல்லாம் நிறுத்துவது சட்டத்திற்கு ஏற்றதா? அச்சோதனை நடைபெறும் இடத்தைச் செயலி வழியாகப் பிறருக்கு அறிவிக்கலாமா? இவ்விரு வினாக்களும் அமெரிக்காவில் நெடிய விவாதத்திற்கு உள்ளானவை. இரண்டிலும் சொற்பொருள் சிக்கல் அடங்கியிருப்பதால், மொழி பயில்வோராகிய நாமும் அவற்றை ஆராய்தல் தகும்.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம், நியாயமற்ற கைப்பற்றுதலைத் தடை செய்கிறது. ஓடும் வாகனத்தைச் சிறிது நேரம் நிறுத்துவதும் சட்ட வழக்கில் கைப்பற்றுதலே. ஆகவே, 'நியாயமற்ற' என்னும் அடைமொழிக்கு என்ன பொருள் என்பதே வழக்காயிற்று. மிச்சிகன் மாநிலத்தில் நடந்த சோதனையொன்றில் 126 வாகனங்கள் நிறுத்தப்பட்டன, சராசரித் தாமதம் 25 நொடி, கைதானோர் இருவர். 1990ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம், அறுவர் ஏற்க மூவர் மறுக்க, உயிர் காக்கும் பொதுநலத்தின் முன் இவ்விடையூறு சிறிதே எனக் கருதிச் சோதனையை ஏற்றது. ஆயினும், 1993இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், தம் மாநில அரசியலமைப்பின்படி அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மாநிலம் தன் குடிமக்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கலாம் என்பதால், இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இனிச் செயலிகளைக் காண்போம். 2011இல் செனட்டர் நால்வர், சோதனை இடங்களைக் காட்டும் செயலிகளை நீக்குமாறு ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களை வேண்டினர். அது வேண்டுகோளே, சட்டம் அன்று. காவல் துறை தானே வெளியிட்ட இடங்களை மட்டும் காட்டலாம் என ஆப்பிள் அவ்வாண்டே விதி செய்தது.

காவல் துறை ஏன் வெளியிடுகிறது? கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1987இல் எடுத்துரைத்த நெறிகளுள் முன்னறிவிப்பும் ஒன்று. 'இன்றிரவு இச்சாலையில் சோதனை உண்டு' என்னும் தொடரைக் காலையில் கேட்பவர், மது அருந்தினால் வாகனம் எடுக்கலாகாது என உணர்வார். அதையே நள்ளிரவில், மது அருந்தியபின் செயலியிற் காண்பவர் வேறு சாலையில் திரும்புவார். தொடர் ஒன்றே, கேட்போனும் காலமும் மாறப் பயனும் மாறுகிறது.

பிரான்சு நாட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்தது போலும். 2021 நவம்பர் முதல், அதிகாரிகள் கோரினால், மதுச் சோதனை நடைபெறும் பகுதியில் பயனர் தரும் எச்சரிக்கைகளை வழிகாட்டிச் செயலிகள் இரண்டு மணி நேரம் வரை மறைத்தல் வேண்டும். பேச்சை முற்றாகத் தடுக்காமல், தீங்கு விளையும் இடத்தையும் காலத்தையும் மட்டும் வரையறுக்கும் இம்முறையே பொருத்தமானது என்பது நம் கருத்து. மாணவர் இதனை ஏற்றும் மறுத்தும் வாதிடலாம். வாதத்திற்கு முன், யார், யாரிடம், எப்போது கூறினார் என்பதை அவர்கள் வரையறுத்துக்கொள்ள ஆசிரியர் துணைநிற்க வேண்டும்.