மரபணுவும் தசைச் சிதைவு நோயும்

விராலிமலை வட்டாரத்தில் அத்தை மகளையும் மாமன் மகனையும் மணப்பது நெடுநாளைய வழக்கம். சமயம் எதுவாயினும், உறவு விட்டுப்போகாதிருக்க நம் முன்னோர் கொண்ட முறை அது. அதனை இகழ்வது நம் நோக்கமன்று. அதனோடு தொடர்புடைய அறிவியல் உண்மையொன்றை எடுத்துரைக்கவே விழைகிறோம்.

2021ஆம் ஆண்டில் தமிழகத்துக் குழந்தை ஒன்றுக்காக ஏறத்தாழ 16 கோடி ரூபாய் விலையுள்ள மருந்தை வாங்க மக்கள் பொருள் திரட்டியதைப் பலரும் அறிவர். அக்குழந்தையை வருத்தியது தண்டுவடத் தசைச் சிதைவு நோய். தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் தசைகளை இயக்குகின்றன. அவை அழியுமாயின் குழந்தையால் தலை நிமிர்த்தவோ, உட்காரவோ, மூச்சு விடவோ இயலாமற் போகும்.

அந்நரம்பணுக்கள் உயிர்வாழ எஸ்.எம்.என். எனும் புரதம் இன்றியமையாதது. அதனை ஆக்கும் மரபணு ஐந்தாம் குரோமோசோமில் இருப்பதைப் பிரெஞ்சு அறிவியலார் 1995இல் கண்டறிந்தனர். தாய்வழி, தந்தைவழி வந்த இரு படிகளும் பழுதுற்றால் மட்டுமே நோய் தோன்றும். அருகிலேயே அதனை ஒத்த துணை மரபணு ஒன்றுண்டு. ஆயினும் அதில் ஓரெழுத்து மாறியிருப்பதால் அது ஆக்கும் முழுமையான புரதம் பத்தில் ஒரு பங்கு அளவே. துணை மரபணுவின் படிகள் மிகுந்திருப்பின் நோயின் கடுமை பொதுவாகக் குறையும்.

2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நியூசினெர்சென், 2020இல் ஒப்புதல் பெற்ற ரிஸ்டிப்ளாம் ஆகிய மருந்துகள் இத்துணை மரபணுவை முழுப் புரதம் ஆக்கச் செய்கின்றன. 2019இல் ஒப்புதல் பெற்ற மருந்தோ நல்ல மரபணுவையே உடலுள் செலுத்துகிறது. எனினும் அழிந்த நரம்பணு மீளாது. ஆதலின் தொடக்கத்திலேயே நோயைக் கண்டறிதல் வேண்டும்.

பழுதுற்ற படி ஒன்றை மட்டும் உடையோர் நலமுடனே வாழ்வர். தம்மிடம் அஃது இருப்பதை அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே முன்னோர்வழி வந்த இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு மிகுதி. உறவல்லாதார் மணத்திலும் இந்நோய் வரலாம்.

எனவே, நோயுற்ற குழந்தையின் தாயைப் பழிப்பது அறியாமை. தந்தையின் பங்கும் சரிபாதி. இந்நோய் கண்ட குடும்பத்தினர் திருமணத்திற்கு முன்போ கருவுறும் முன்போ இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மரபணு மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் நலம். இதனை இளைஞர் வீட்டில் எடுத்துரைக்கட்டும்; பெரியோர் செவிமடுக்கட்டும்.