பேரங்காடிக்குப் பாதி, மூலைக்கடைக்குப் பாதி

சிடிசி பற்றுச்சீட்டின் இணைப்பைக் கைப்பேசியில் திறந்தால் தொகை இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு பாதி பேரங்காடிகளுக்கு. மறு பாதி உணவங்காடிக் கடைகளுக்கும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும். பெரும்பாலான வீடுகளில் பேரங்காடிப் பாதி சில வாரங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அரிசி, எண்ணெய், டயப்பர் என்று வாங்கினால் எவ்வளவு நாள் தாங்கும்? மறு பாதியில் மிச்சமிருப்பதைத் தூக்கி இந்தப் பக்கம் போட முடியுமா என்று கேட்காதவர்கள் குறைவு. முடியாது. அந்த “முடியாது”வில்தான் உட்லண்ட்சில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மளிகைக்கடையின் வியாபாரத்தில் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது.

பற்றுச்சீட்டை வழங்கும் சமூக மேம்பாட்டு மன்றங்கள் 1997ல் தொடங்கப்பட்டவை. முதலில் ஒன்பது இருந்தன. 2001ல் மத்திய, வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என ஐந்தாகச் சுருங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். கொவிட் வந்த 2020ல் வசதி குறைந்த சுமார் 400,000 குடும்பங்களுக்கு 50 வெள்ளி மதிப்பில் தாள் பற்றுச்சீட்டுகளை இவை வழங்கின. உதவி குடும்பத்துக்கு, பணம் போய்ச் சேர்ந்த இடம், ஆள் வராமல் கிடந்த உணவங்காடியும் அக்கம்பக்கக் கடையும். ஒரே வெள்ளி இரண்டு பேருக்கு உதவ வேண்டும் என்பதுதான் கணக்கு.

2021 டிசம்பரில் பற்றுச்சீட்டு கைப்பேசிக்கு மாறியது. சிங்கப்பூரர் குடும்பங்கள் அனைத்துக்கும், அதாவது ஏறத்தாழ 1.3 மில்லியன் குடும்பங்களுக்கு, தலா 100 வெள்ளி கிடைத்தது. 2023 ஜனவரியில் அது 300 வெள்ளி ஆனபோது பேரங்காடிகளும் உள்ளே வந்தன. சரிபாதிக் கோடு விழுந்தது அப்போதுதான். அந்தக் கோடு இல்லாமல் பேரங்காடிகளை மட்டும் சேர்த்திருந்தால், குளிரூட்டிய கடையில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே முழுத் தொகையையும் நாம் செலவழித்திருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2025 மே மாதம் கிடைத்த 500 வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 250 வெள்ளி சிறு கடைகளுக்கு. 1.3 மில்லியன் குடும்பங்களால் பெருக்கினால் 325 மில்லியன் வெள்ளி. இந்தத் திட்டத்தில் என்னைக் கவர்வது தொகை அல்ல, அதைச் சுற்றிப் போட்ட வேலி.

எங்கள் மளிகைக்கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. முதலில் இந்த வம்பே வேண்டாம் என்று இருந்தவர். “காசு கொடு, சாமானை எடு, முடிஞ்சுது. போன்ல படம் புடிச்சா காசு வருமா தம்பி?” என்பார். மகள்தான் வணிகர்களுக்கான செயலியைப் போட்டுக் கொடுத்தார். இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பழைய கைப்பேசி, ரப்பர் பட்டை சுற்றி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வருடுவது அவர் வேலை. சமூக மன்றத்தில் அச்சடித்த தாளோடு வரும் முதியவர்களுக்கும் அதே வருடல்தான்.

கடையில் அரை மணி நேரம் நின்றால் ஒன்று புரியும். பற்றுச்சீட்டு 2, 5, 10 வெள்ளிகளில் இருக்கிறது. மீதிச் சில்லறை கிடையாது. பொருள்களின் விலை 8 வெள்ளி 40 காசு வந்தால் 7 வெள்ளியைப் பற்றுச்சீட்டில் கழித்துவிட்டு மீதியைக் காசாகக் கொடுக்கலாம். ஆனால் யாரும் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. பத்துக்கு இன்னும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒரு பொட்டலம் கறிவேப்பிலை, ஓர் அப்பளக் கட்டு, பிள்ளைக்கு ஒரு முறுக்கு. “அந்த ஒன்னரை வெள்ளி சாமானுக்காக முன்னெல்லாம் யாரும் கடைக்குள்ள வரமாட்டாங்க,” என்கிறார் அவர். முன்பு பின்வரிசையில் இருந்த அப்பளமும் ஊறுகாயும் இப்போது கல்லாவுக்கு எதிரே வந்துவிட்டன. அவருக்கு எந்த ஆலோசகரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் மாடியில் இருக்கும் சீன அம்மா ஒருவர் பற்றுச்சீட்டைத் தீர்க்கத்தான் முதலில் இங்கே வந்தாராம். தோசை மாவைப் பார்த்து, எப்படிச் சுடுவது என்று கேட்டு வாங்கிப் போனார். இப்போது பற்றுச்சீட்டு இல்லாத வாரங்களிலும் மாவுக்கு வருகிறார். இப்படி எத்தனை பேர் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, “அஞ்சாறு பேர்,” என்றார்.

அதுதான் சிக்கல். பற்றுச்சீட்டு வந்த மாதம் கூட்டம் வருகிறது, பிறகு வடிகிறது. ஆண்டிறுதிக் கெடு நெருங்கும்போது மீண்டும் ஓர் அலை. இடைப்பட்ட மாதங்களில் பேரங்காடியின் மொத்தக் கொள்முதல் விலையோடு அவரால் மோத முடியாது. இன்னொன்றும் உண்டு. வழங்குவது வட்டார மன்றமே என்றாலும் தீவில் எங்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். நம் குடும்பங்களில் பலர் அந்த மறு பாதியைத் தேக்காவுக்கு எடுத்துச் செல்வது ஊரறிந்தது. மீன், ஆட்டிறைச்சி, வாழையிலை என்று தேக்கா நிலையத்தில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வேலி பேரங்காடியைத் தடுக்கிறது, தேக்காவைத் தடுக்காது.

ஆகவே பற்றுச்சீட்டோடு நின்றுவிடாமல் மற்ற உதவிகளையும் சிறு கடைக்காரர்கள் கேட்டுப் பெற வேண்டும். உணவங்காடிக்காரர்களை மின்னிலக்கத்துக்கு மாற்ற 2020ல் தொடங்கிய திட்டத்தில், மாதம் குறைந்தது 20 மின்கட்டணப் பரிவர்த்தனை செய்தவர்களுக்கு மாதம் 300 வெள்ளி வீதம் ஐந்து மாதம் ஊக்கத்தொகை கிடைத்தது. மின்னிலக்கத் தூதர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். சரக்குக் கணக்கு, விற்பனைக் கணக்குக்கான மென்பொருள்களுக்கு உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தில் செலவின் ஒரு பகுதியைப் பெறலாம். படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அப்பாவின் கடைக்கு அவற்றை நிரப்பிக் கொடுக்க அலுவலகத்தில் வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும்.

எங்கள் கடைக்காரரின் மகள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். கணக்காளர். கடையை எடுத்து நடத்தும் எண்ணம் இல்லை என்று அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் சரக்குக் கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்ற வாரம் ஒரு நாள் வருகிறார். அதில் தெரிந்த முதல் செய்தி, பற்றுச்சீட்டு இல்லாத மாதங்களில் கடையைத் தாங்குவது அரிசியோ பருப்போ அல்ல, தோசை மாவும் பூவும் கறிவேப்பிலையும் என்பது. வெள்ளிக்கிழமைகளில் இப்போது இரண்டு மடங்கு பூ இறக்குகிறார்கள்.

கடையின் வாடகை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. புதுப்பிப்பீர்களா என்று கேட்டேன். “மார்ச், ஏப்ரல் கணக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு பொண்ணு சொல்லியிருக்கு,” என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவரின் கைப்பேசியை வருடப் போனார்.