நாய் சேகருக்கு ஒரு வரி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். மீமுக்கு வரி எழுதுவது எப்படி என்றுதானே கேட்டீர்கள்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெரும்பாலான வரிகள் மொக்கையாகப் போவது ஒரே இடத்தில்தான். அதைக் காட்டிவிடுகிறேன், மற்றது உங்களுக்கே வந்துவிடும்.

‘தலைநகரம்’ (2006) படத்தில் நாய் சேகராக வரும் வடிவேலு, தானும் ரவுடிதான் என்று அடம்பிடித்து போலீஸ் ஜீப்பில் தானே போய் ஏறுவார். கைதாவதில் அப்படியொரு பெருமை. இந்தக் காட்சி டெம்ப்ளேட்டாகச் சுற்றாத வாட்ஸ்அப் குரூப் இருக்காது. புதிதாக எழுதுகிறவர் இதன்மேல் என்ன போடுவார்? ‘மாட்டிக்கிட்டாலும் கெத்து காட்டும் நான்’ என்று போடுவார். மாட்டிக்கொண்டது படத்திலேயே தெரிகிறது. கெத்தும் தெரிகிறது. பிறகு அந்த வரிக்கு என்ன வேலை?

முகம்தான் பதில். அது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எந்த நிலைமையில் ஒரு மனிதனுக்கு இந்த முகம் வரும் என்பதை மட்டும் நீங்கள் எழுத வேண்டும். சேகரின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு பெருமையில் பங்கு கேட்கிற ஆள் அவர். அப்படிப்பட்ட ஆள் நம் பக்கத்தில் யார் என்று தேடினால் ஆபீஸிலேயே கிடைப்பார். முதலில் நீளமாகத்தான் வரும்: ‘டீமில் எல்லாரும் கஷ்டப்பட்டு முடித்த ப்ராஜெக்ட்டுக்கு மேனேஜர் அனுப்பிய பாராட்டு மெயிலில், எதுவுமே செய்யாத என் பெயரும் இருந்தபோது நான்.’ பரவாயில்லை, எழுதிவிடுங்கள். அப்புறம் வெட்டுங்கள். கஷ்டப்பட்டதைச் சொல்ல வேண்டாம், பாராட்டு என்றாலே தெரியும். எதுவும் செய்யாததையும் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. ‘பாராட்டு மெயிலில் சிசி-யில் மட்டும் இருந்த நான்.’ சிரிப்பு அந்த ‘சிசி’யில் உட்கார்ந்திருக்கிறது. அதை வரியின் தொடக்கத்திலேயே போட்டிருந்தால் மீதி வரி வீணாகப் பின்னால் நடந்து வந்திருக்கும்.

வடிவேலு இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு வாகாக இருக்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. அவர் முகம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். மார்பு விறைத்து நிற்கும், கண் ஓடுவதற்கு வழி தேடும். ‘வின்னர்’ (2003) படத்தில் கைப்புள்ளையாக, சங்கத்துத் தலைவராக அவர் நிமிர்ந்து நடக்கிற நடையிலேயே அடுத்து வாங்கப்போகிற அடியும் இருக்கும். அதனால் வெறும் சோகத்தையோ வெறும் சந்தோஷத்தையோ அந்த முகத்தின்மேல் வைத்தால் பாதி முகம் வேலையில்லாமல் நிற்கும். ‘சம்பளம் வந்ததும் நான்’ என்பது பாதி. ‘சம்பளம் வந்த எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் நான்’ என்றால் முழு முகத்துக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. இஎம்ஐ என்று நான் எழுதவே இல்லை, கவனித்தீர்களா? அதைப் படிப்பவர் போட்டுக்கொண்டார். தானே போட்டுக்கொண்டதால்தான் சிரிக்கிறார்.

இரண்டு பேர் இருக்கிற படமென்றால் வேலை இன்னும் குறைவு, பெயர்ச்சீட்டு ஒட்டினால் போதும். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை எடுங்கள். கவுண்டமணி மேல் ‘புதிதாகச் சேர்ந்தவர்’, செந்தில் மேல் ‘எச்ஆர்’. கீழே ஒரே வரி: ‘ஆஃபர் லெட்டரில் சொன்ன மீதிச் சம்பளம் எங்கே?’ செந்திலின் பதிலை எழுதிவிடாதீர்கள். முப்பத்தைந்து வருடமாகத் தமிழ்நாடே அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது.

முகமே இல்லாமலும் ஒருமுறை மீம் பிறந்தது. 2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு கட்டடப் பொறியியல் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் பெயரைச் சொன்னார். கூடவே, இது தலையில் விழுந்துதான் நேசமணிக்கு அடிபட்டது என்றும் சேர்த்தார். ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் பெயின்ட் கான்ட்ராக்டராக வந்த வடிவேலுதான் அந்த நேசமணி. அடுத்து வந்தவர் துளியும் சிரிக்காமல், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான், ‘ப்ரே ஃபார் நேசமணி’ என்ற ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. யாரென்றே தெரியாத வெளியூர்க்காரர்கள் பதறிப்போய் நலம் கேட்டார்கள். விசாரித்தவர் அந்த இடத்தில் ‘ஹாஹா’ என்று எழுதியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். எழுதுகிறவர் சிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நடித்த முகத்துக்கும் நிஜ முகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் என்னை உறுத்தும். 2009-இல் அமெரிக்கக் கூடைப்பந்து ‘ஹால் ஆஃப் ஃபேம்’ விழா மேடையில் மைக்கேல் ஜோர்டான் அழுதார். அந்த முகத்தை வெட்டி, தோற்றவர்கள் எல்லார் மேலும் ஒட்டினார்கள். 2020 பிப்ரவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டின் நினைவுக் கூட்டத்தில் மறுபடி கண்ணீர் வழிந்தபோது, இனி இன்னொரு அழுகை மீமைப் பார்க்க வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். அரங்கம் சிரித்தது. அவருக்குப் பெரிய மனது, சொல்லிவிட்டார். துக்க வீட்டில் எடுத்த படத்தின்மேல் எனக்கு வரி வராது, வந்தாலும் போட மாட்டேன். வடிவேலு முகம் நாம் சிரிப்பதற்கென்றே செய்து கொடுத்தது. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்.

எழுதிய வரியை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். ‘இருக்கின்றேன்’, ‘செய்கின்றனர்’ எல்லாம் நாக்கில் இடறும், பேச்சில் வருவதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து வடிவேலு கண்ணை மறைக்காமல் மேலேயோ கீழேயோ இருக்கட்டும். கடைசியில் சிரிப்பு எமோஜி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வடிவேலு முகம் இருக்கிற இடத்தில் அந்த மஞ்சள் முகம் எதற்கு?