மூச்சுக் கருவி வாங்குவதற்கு முன்

உறக்க ஆய்வின் அறிக்கையைப் பெற்றுக்கொண்டதும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “எந்தக் கம்பெனி மெஷின் நல்லது, டாக்டர்?” பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும் பொருள் என்பதால் அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள்ளன. வாங்கிய சில மாதங்களிலேயே அலமாரிக்குள் போய்விடும் கருவிகளை நாங்கள் அறிவோம். அவற்றுள் பழுதானவை அரிது. முகமூடி பொருந்தாததாலோ, தொண்டை வறண்டதாலோ, தொடக்க நாட்களில் என்ன நேரும் என்று எவரும் எடுத்துச் சொல்லாததாலோ கைவிடப்பட்டவையே மிகுதி. அந்நிலை நேராமல் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வழியை இங்கு விளக்குகிறோம்.

கருவி என்ன செய்கிறது?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்மையான பகுதியும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் இத்தகைய மூச்சுத்தடைகளும் மூச்சுக்குறைவுகளும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை நிகழ்கின்றன என்பதையே அறிக்கையிலுள்ள ‘ஏ.எச்.ஐ.’ என்னும் எண் காட்டுகிறது. பெரியவர்களுக்கு அது 5 முதல் 15 வரை இருந்தால் லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் தீவிரம். தடை நேரும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. இரவெல்லாம் இது தொடர்ந்தாலும் நோயாளிக்கு நினைவிருப்பதில்லை. காலைத் தலைவலியும், பகல் தூக்கமும், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத இரத்த அழுத்தமுமே வெளியே தெரிகின்றன. வண்டி ஓட்டுகையில் ஒரு கணம் கண்ணயர்வது அவருக்கு மட்டுமன்றிச் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து.

1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தினால் தொண்டை அடைபடுவதில்லை என்று காட்டினர். இன்றைய ‘சிபாப்’ கருவியும் அதே முறையில்தான் இயங்குகிறது. இது அறையிலுள்ள காற்றையே உள்ளிழுத்து அழுத்தத்துடன் அனுப்புகிறது. ஆகவே, கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இதற்கு மாற்றாகாது. அது ஆக்சிஜனைக் கூட்டுமேயன்றி அடைபட்ட தொண்டையைத் திறக்காது. ‘இதை மாட்டினால் உடம்பு இதற்கே பழகிவிடும்’ என்ற அச்சமும் வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போல, அணிந்திருக்கும் வரை இது பயன் தருகிறது, கழற்றினால் பழைய நிலை திரும்புகிறது, அவ்வளவே.

யாருக்கு எந்தக் கருவி?

ஒரே அழுத்தத்தில் இயங்கும் சிபாப், தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சிபாப், மூச்சை இழுக்கையில் கூடுதலாகவும் விடுகையில் குறைவாகவும் அழுத்தம் தரும் பைபாப் என மூவகைக் கருவிகள் வீட்டுப் பயன்பாட்டில் உள்ளன. முதலிரண்டும் வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை தரவல்லவை. வேறு சிக்கல்கள் இல்லாத பெரும்பாலான நோயாளிகளுக்கு இவ்விரண்டில் ஒன்று போதும். உடற்பருமனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குவோர், தசைநோய் உள்ளோர், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் சேர்ந்திருப்போர் ஆகியோருள் பலருக்குப் பைபாப் தேவைப்படலாம். விலை கூடியது என்பதற்காக அதை வாங்குவதில் பயனில்லை.

இதயம் பலவீனமானவர்கள் மேலும் கவனமாக இருக்கவேண்டும். தொண்டை அடைப்பால் அன்றி, மூளையிலிருந்து வரும் மூச்சுக் கட்டளை தடைபடுவதாலும் உறக்கத்தில் மூச்சு நிற்பதுண்டு. அத்தகையோருக்கென உருவான ‘ஏ.எஸ்.வி.’ என்னும் கருவி, எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இறைப்புத் திறன் 45 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக இருந்த நோயாளிகளிடம் இதயநோய் இறப்பைக் கூட்டியதாக 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் இக்கருவிகளை வாங்கவேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முகமூடிக்கே முதலிடம்

கருவி மேசையில் இருக்கிறது. முகமூடியோ இரவு முழுவதும் முகத்தில் இருக்கிறது. ஆகவே கருவியைவிட முகமூடியைத் தேர்வதில் அதிக நேரம் செலவிடுங்கள். மூக்கை மட்டும் மூடுவது, நாசித்துளைகளில் பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூவகை உண்டு. மூக்கால் இயல்பாக மூச்சுவிடுவோருக்கு மூக்கு முகமூடியையே நாங்கள் முதலில் பரிந்துரைக்கிறோம். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் சிகிச்சை பெறுங்கள். தாடியும் அடர்ந்த மீசையும் உள்ளோருக்கு விளிம்பில் காற்றுக் கசியலாம். அவர்களுள் பலருக்கு நாசித்துளை வகை உதவுகிறது.

உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது போதாது. படுத்து, கருவியை இயக்கி, இருபுறமும் புரண்டு பாருங்கள். கசிவுக்கு அஞ்சி வாரை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும். அளவை மாற்றுவதே சரி. முகமூடியிலுள்ள சிறு துளைகள் நாம் வெளிவிடும் மூச்சு வெளியேறுவதற்காக அமைந்தவை. கசிவென எண்ணி அவற்றை ஒருபோதும் அடைக்காதீர்கள். சில முகமூடிகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் முதலிய பொருத்துகருவிகள் உடலில் உள்ளவர்களும், அவர்கள் அருகில் உறங்குவோரும் காந்தமில்லாத முகமூடியைக் கேட்டு வாங்கவேண்டும்.

நம் வீட்டுக்கு ஏற்றவாறு

ஏ.சி. அறையில் உறங்குவோருக்கும், மூக்கும் தொண்டையும் வறள்வோருக்கும் ஈரப்பதமூட்டி பெரிதும் உதவும். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, நாள்தோறும் மாற்றவேண்டும். குளிர்ந்த அறையில் குழாய்க்குள் நீர் சேர்ந்து ‘களகள’ என்று ஒலித்தால் கருவியைத் தலைமட்டத்திற்குக் கீழே வைத்து, ஈரப்பத அளவைச் சற்றுக் குறையுங்கள். மின்வெட்டுள்ள ஊர்களில் இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம். சூடேற்றும் பகுதியே மின்சாரத்தை மிகுதியாக இழுப்பதால், இன்வெர்ட்டரில் ஓடும்போது அதை நிறுத்தினால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். சாலைப் புழுதி மிகுந்த வீடுகளில் வடிகட்டியை அடிக்கடி கவனித்து மாற்றவேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்

ஒன்றிரண்டு வாரங்கள் வாடகைக்கோ சோதனைக்கோ கருவி கிடைக்குமா என்று கேளுங்கள். முகமூடி பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா, வடிகட்டியும் முகமூடியின் மெத்தைப்பகுதியும் உங்கள் ஊரில் கிடைக்குமா, பழுதானால் மாற்றுக்கருவி தருவார்களா என்பனவற்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய மணிநேரம், காற்றுக்கசிவு, எஞ்சியுள்ள மூச்சுத்தடைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் கருவியையே வாங்குங்கள். அப்பதிவு இல்லாமல் சிகிச்சையைச் சீராக்குவது எங்களுக்கும் கடினம்.

பழைய கருவியை வாங்க நேர்ந்தால் அதன் வரிசை எண்ணைச் சரிபாருங்கள். ஒலியைக் குறைப்பதற்காக உள்ளே வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சில் கலக்கக்கூடும் என்பதால், பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் பல மாதிரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் ஒன்று குறைந்த விலைக்கு உங்களிடம் வந்துவிடக்கூடாது. முந்தைய உரிமையாளருக்கு வைத்த அழுத்தமும் உங்களுக்குப் பொருந்தாது.

முதல் மாதம்

பலருக்கு முதற்சில இரவுகள் எளிதாக இருப்பதில்லை. பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் அணிந்து பழகுங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்லக் கூட்டும் வசதி கருவியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரவுக்கு 4 மணி நேரம் என்பது குறைந்தபட்ச அளவுகோலாக உலகெங்கும் கையாளப்படுகிறது. ஆனால் உறங்கும் நேரம் முழுவதும், பகல் தூக்கத்தின்போதும் அணிவதே நம் இலக்கு. விடியற்காலையில் கழற்றிவிடுவோர் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு: கனவுகள் மிகுந்த உறக்கம் அந்நேரத்தில்தான் அதிகம்; பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அப்போதுதான்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். முகமூடி அணிந்தவரைக் கண்டு கேலி செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். குறட்டை நின்றதா, இரவில் முகமூடி கழன்றதா என்பதை அருகில் உறங்குபவரே நன்கறிவார். ஆகவே மறுபரிசோதனைக்கு அவரும் உடன்வருவது நல்லது. அறுவை சிகிச்சைக்கோ வேறு எதற்கோ மருத்துவமனையில் சேர நேர்ந்தால் மயக்கமருந்து மருத்துவரிடம் இந்நோயைச் சொல்லிவிட்டு, கருவியையும் உடன் எடுத்து வாருங்கள்.

முகமூடி உறுத்துகிறதென்றால் அலமாரிக் கதவைத் திறப்பதற்கு முன் எங்களை அழையுங்கள். அளவை மாற்றுவதற்கோ அழுத்தத்தைத் திருத்துவதற்கோ பெரும்பாலும் ஒரு வருகையே போதும்.