முள்ளெலிப் பூவின் வேர்

வட அமெரிக்காவின் புல்வெளிப் பிரதேசங்களில் ‘எக்கினேஷியா’ என்றொரு செடி வளர்கிறது. ஊதா இதழ்களுக்கு நடுவே முள்ளெலியைப் போல் சிலிர்த்து நிற்கும் ஒரு குமிழ். கிரேக்க பாஷையில் முள்ளெலியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. வேரை மென்றால் நாக்கு மரத்துப் போகும். அந்நாட்டுப் பூர்வ குடிகள் பல்வலிக்கும் பாம்புக்கடிக்கும் அதனைக் கையாண்டு வந்தனர்.

1880-களில், நெப்ராஸ்கா மாகாணத்து மேயர் என்பவர் இவ்வேரைச் சேர்த்து ஒரு ‘ரத்த சுத்தி’ மருந்து விற்றார். மருந்து நிபுணரான லாயிட் அதனை நம்பவில்லை. அவர் கண்ணெதிரே பாம்பைக் கடிக்கவிட்டுப் பிழைத்துக் காட்டவும் மேயர் சித்தமாயிருந்தாராம்! லாயிட் வேண்டாமென்று மறுத்துவிட்டார், நல்ல வேளைதான். பிற்காலத்தில் அவரே அவ்வேரின் பெரிய ஆதரவாளரானார் என்பது வேடிக்கை.

இன்று இவ்வேர்ச் சத்து ஜலதோஷ மருந்தாக உலகெங்கும் விலையாகிறது. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை அது தட்டி எழுப்புகிறது என்பர். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த அணுக்களின்மீது சாற்றைச் சொட்டினால் அவை விழித்தெழுவது மெய்யே. கிருமிகளை விழுங்கும் பெரிய அணுக்கள், படைக்கு ஓலை விடுப்பதுபோல், அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன.

எழுப்பியது எது? மிசிசிப்பி பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. செடியோடு கூடி வாழும் பாக்டீரியாக்களின் மேலுறைப் பொருள்களே அக்கிளர்ச்சியின் பெரும்பகுதிக்குக் காரணமாம். காவற்காரன் பகைவனின் வாடை கண்டு கூச்சலிட்டிருக்கிறான். புகழோ வேருக்குப் போயிற்று!

நாக்கை மரக்கச் செய்யும் ‘ஆல்கைலமைடு’ என்ற பொருளின் கதை வேறு. உட்கொண்டால் அது ரத்தத்தில் சேருகிறது. கிண்ணச் சோதனைகளிலோ, கிளர்ந்த அணுக்களை அது அடக்குவதாகவே காணப்பட்டது.

மனிதரிடம் நேரே சோதித்ததும் உண்டு. அமெரிக்காவில் சுமார் 400 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2005-இல் வெளியாயிற்று. மூக்கில் ஜலதோஷ வைரஸைச் சொட்டி, சிலருக்கு வேர்ச் சத்தும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள். நோய் தொற்றுவதிலும் சரி, அதன் கடுமையிலும் சரி, குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. வேறு சில சோதனைகளில் சொற்ப நன்மை தென்பட்டதுண்டு. ஆனால் செடியின் இனமும், பாகமும், சாறெடுத்த முறையும் சோதனைக்குச் சோதனை மாறுகின்றன.

காவல் அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் வியாதி உள்ளவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு அவ்வணுக்களை அடக்கும் மருந்து உண்பவர்களும் இதை உட்கொள்ளலாகாதென்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். வீட்டில் அத்தகையவர் இருந்தால், சீசாவைத் திறக்குமுன் அவருடைய வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.