வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும்

வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் ஆகியவை தமிழகத்தில் வழக்கிலுள்ள இரு வகைப் பஞ்சாங்கங்கள் ஆகும். முன்னது பழைய வாய்பாடுகளில் உள்ள எண்களை மாற்றமின்றிப் பயன்படுத்துகிறது. பின்னது வானியல் நோக்கீடுகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட கணக்கைப் பயன்படுத்துகிறது. ஒரே விரதம் அல்லது பெயர்ச்சி இவ்விரண்டிலும் வெவ்வேறு நாட்களில் அமைவதுண்டு. எனவே இவ்வேறுபாடு, சாத்திர நூலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதா, அதன் நோக்கத்தைப் பின்பற்றுவதா என்னும் கேள்வியுடன் தொடர்புடையது.

வாக்கிய முறை

சந்திரனின் நிலையைத் தரும் 248 வாக்கியங்கள் வரருசி இயற்றியவை என மரபு கூறுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்களைக் குறிக்கும். சந்திரன் புவிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகும். அத்தகைய 9 சுற்றுகள் சேர்ந்து ஏறக்குறைய 248 நாட்கள் ஆவதால் வாக்கியங்களின் எண்ணிக்கை அவ்வாறு அமைந்தது. இவற்றை மனனம் செய்தவர் கருவிகள் இன்றியே கிரகணத்தைக் கணிக்க இயலும். 1825இல் ஜான் வாரன் வெளியிட்ட நூல் ஒன்றில், சோழிகளைத் தரையில் வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்க் கணிதர் ஒருவரின் முறை பதிவு செய்யப்பட்டுள்ளது.

வேறுபாட்டின் காரணம்

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலமே ஒரு திதி. சந்திரன் சீரான வேகத்தில் செல்வதில்லை. அதன் வேகமாற்றத்தைச் சரிசெய்யப் பழைய முறை ஒரே ஒரு திருத்தத்தைக் கொண்டுள்ளது. அதன் பெரும அளவு ஏறத்தாழ 5 பாகை. அமாவாசை, பௌர்ணமி நாட்களுக்கு இது பொருந்தும். கிரகணங்கள் அந்நாட்களிலேயே நிகழ்வதால், கிரகணத்தைக் கொண்டு சோதித்தவர்களுக்குப் பெரும்பிழை தென்படவில்லை. ஆனால் அட்டமியை ஒட்டிய நாட்களில், சூரியனின் ஈர்ப்பால் சந்திரனின் இயக்கத்தில் ஏற்படும் மற்றொரு மாற்றமும் சேர்கிறது. அப்போது பிழை 2 பாகைக்கு மேலும் செல்லக்கூடும். திதியின் முடிவு நேரம் சில மணி நேரம் தள்ளிப்போவது இதனால்தான்.

நூலும் நோக்கீடும்

நூலின் எண்களைத் திருத்தலாமா என்னும் விவாதம் ஐரோப்பிய வானியலின் வருகையால் தோன்றியதன்று. கேரளத்தின் பரமேசுவரர் நீண்டகாலம் கிரகணங்களை நோக்கி, 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். அம்மரபில் வந்த நீலகண்ட சோமயாஜி, சோதிர்மீமாம்சை என்னும் நூலில் இதனை நேரடியாக ஆராய்ந்தார். தெய்வ அருள் என்பது அறிவுத் தெளிவையே தருகிறது, எண்களை ஓதிக் கொடுப்பதில்லை என்பது அவர் கருத்து. ஆகவே சித்தாந்தங்களை நோக்கீட்டால் சோதித்துத் திருத்துவது சாத்திரத்திற்கு முரணாகாது என அவர் வாதிட்டார்.

வாக்கிய முறையினரின் வாதம் வேறு. கிரகணம் கண்ணுக்குப் புலப்படுவது, விரதத்தின் பயன் புலப்படாதது. எனவே பின்னதற்கு முன்னோர் வழக்கே அளவுகோல் என்பர். பல வாக்கிய பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதப்படி தருவதன் பின்னணி இதுவாகும். உரிய காலத்தில் செய்யுமாறு சாத்திரம் விதிப்பதால், அக்காலத்தைச் சரியாக அறிவதே சாத்திரத்தைப் பின்பற்றுவது என்பது திருக்கணித முறையினரின் மறுமொழி.

19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் நோக்கீட்டுக் கணக்கையே பரிந்துரைத்தது.

கோயில் வழக்கு

திருநள்ளாறு கோயில் வாக்கிய முறையைப் பின்பற்றுகிறது. சனி கும்பத்திற்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 சனவரி 17. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா 2023 திசம்பர் 20 அன்று நடைபெற்றது. பதினொரு மாதங்கள் வேறுபட்ட இவ்விரு நாட்களில் சனியின் வான்நிலை எதனுடன் பொருந்துகிறது என்பதை நோக்கீட்டால் சோதிக்க முடியும்.

திருவரங்கத்தில் எழுந்த கேள்வி வேறு வகையானது. வைகுண்ட ஏகாதசி மார்கழி வளர்பிறை ஏகாதசியில் கொண்டாடப்படுவது. 2022 சனவரி 13 அன்று பிற கோயில்களில் அது நிகழ, திருவரங்கத்தில் 2021 திசம்பர் 14 அன்று, கார்த்திகையிலேயே கொண்டாடப்பட்டது. தைத்தேர் புனர்பூச நட்சத்திரத்தில் ஓட வேண்டும். அவ்வாண்டு தை தொடங்கிய சில நாட்களிலேயே புனர்பூசம் வந்ததால் இரு திருவிழாக்களும் ஒன்றன்மேல் ஒன்று அமையும் நிலை ஏற்பட்டது. இத்தகைய மாற்றம் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகக் கோயில் மரபு கூறுகிறது. 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் சில மணி நேர வேறுபாட்டுடன் சமமாக இருப்பதால் இச்சுழற்சி ஏற்படுகிறது.

இங்கு சந்திரனின் நிலை குறித்துக் கருத்து வேறுபாடு இல்லை. விதியை நடைமுறைக்கு ஏற்பப் பொருள்கொள்ளும் மரபே முடிவு செய்தது. திதி எப்போது முடிகிறது என்பது வானியலால் சோதிக்கத்தக்கது. எந்நாளில் விழா எடுப்பது என்பது மரபின் தீர்மானத்திற்கு உரியது. இவ்விரண்டையும் பிரித்துக் காணாதபோதே பஞ்சாங்க விவாதம் சமயத்திற்கும் அறிவியலுக்கும் இடையிலான பூசலாகத் தோன்றுகிறது.