கடிகார வேகத்தை உயர்த்த முடியாத கணினி: காரணங்களும் பரிகாரங்களும்

மத்திய செயற்பாட்டு அலகு (இனிச் செயலி எனக் குறிப்பிடப்படும்) ஒரு செக்கனில் எத்தனை துடிப்புகளுக்கு ஏற்ப இயங்குகின்றது என்பதே அதன் கடிகார வேகமாகும். உற்பத்தியாளர் நிர்ணயித்த அளவிலும் கூடிய வேகத்தில் செயலியை இயக்குவது ஓவர்குளொக்கிங் எனப்படும். சில கணினிகளில் இது கைகூடுவதில்லை. அதற்கான காரணங்களை ஒழுங்குமுறையாகக் கண்டறிவதை இங்கு நோக்குவோம்.

1. வேகம் கணிக்கப்படும் முறை

கடிகார வேகம் = அடிப்படைக் கடிகாரம் × பெருக்கி

உதாரணம்: அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹேர்ட்ஸ், பெருக்கி 35 எனின், வேகம் 3500 மெகாஹேர்ட்ஸ், அதாவது 3.5 கிகாஹேர்ட்ஸ் ஆகும்.

எனவே வேகத்தை உயர்த்த இரு வழிகளே உண்டு. 1998 இல் வெளிவந்த இன்டெல் செலரோன் 300ஏ செயலியின் பெருக்கி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. ஆயினும் பலர் அடிப்படைக் கடிகாரத்தை 66 இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸிற்கு உயர்த்தி, 300 மெகாஹேர்ட்ஸ் செயலியை 450 இல் இயக்கினர். இன்றைய பெரும்பாலான தாய்ப்பலகைகளில் அடிப்படைக் கடிகாரத்தை உயர்த்தினால் செயலியுடன் தொடர்புடைய ஏனைய பகுதிகளும் பாதிக்கப்படலாம். ஆகவே பெருக்கியை மாற்றுவதே வழக்கமாகும்.

2. அறிகுறியும் காரணமும்

(அ) பயோஸ் அமைப்பில் பெருக்கியை மாற்றும் வசதியே இல்லை.
செயலி அல்லது தாய்ப்பலகை பூட்டப்பட்டுள்ளது. 2011 முதல் இன்டெல் வெளியிட்ட சாதாரண மேசைக் கணினிச் செயலிகளுள், பெயரின் இறுதியில் 'கே' எழுத்துள்ளவையே (உதாரணம்: ஐ5-2500கே) பொதுவாகப் பெருக்கி திறக்கப்பட்டவை. அவற்றுக்கும் பொருத்தமான சிப்செட் கொண்ட தாய்ப்பலகை தேவை. 2017 இல் அறிமுகமான ஏஎம்டி றைசன் செயலிகளின் பெருக்கி திறந்திருந்த போதிலும், ஏ320 சிப்செட் கொண்ட தாய்ப்பலகை அதனை அனுமதிப்பதில்லை. அலுவலகப் பாவனையிலிருந்து கழிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் கணினிகள் பெரும்பாலும் இவ்வகையின. இது பழுதன்று, பரிகாரமும் இல்லை.

(ஆ) மாற்றத்தைச் சேமித்த பின் திரை தோன்றவில்லை.
வேகம் மிகையானது, அல்லது அதற்கு அழுத்தம் போதாது. பல தாய்ப்பலகைகள் சில முயற்சிகளின் பின் தாமாகவே பழைய அமைப்பிற்குத் திரும்பும். திரும்பாவிடின் மின்னிணைப்பை முற்றாக நீக்கி, தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ 3 வோல்ற்று மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும்.

(இ) கணினி இயங்குகின்றது. வேலை கூடும்போது உறைகின்றது அல்லது மீளத் தொடங்குகின்றது.
செயலிக்கு அழுத்தம் போதாமை, மிகை வெப்பம், மின்வழங்கி தேவையான வலுவைத் தர இயலாமை ஆகியன காரணங்களாகலாம். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தாலே உண்மைக் காரணம் புலப்படும்.

(ஈ) வேகம் முதலில் உயர்ந்து பின் தாழ்கின்றது.
செயலி வெப்ப எல்லையை (பல செயலிகளில் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ்) அடைந்ததும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசிறியிலுள்ள தூசியும் உலர்ந்துபோன வெப்பக்களிம்பும் பொதுவான காரணங்கள். வேலையின்றி இருக்கும் செயலி வலுவைச் சேமிக்க வேகத்தைக் குறைப்பதுமுண்டு. ஆகவே வேலை கொடுத்த நிலையிலேயே வேகத்தை வாசிக்க வேண்டும்.

3. இலாபமும் விலையும்

செயலியின் மாறும் வலு, மீடிறனுக்கும் அழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதசமனாகும். பெருக்கியை 35 இலிருந்து 38 ஆகவும் அழுத்தத்தை 1.20 இலிருந்து 1.26 வோல்ற்றாகவும் உயர்த்துவதாகக் கொள்வோம்.

வேக அதிகரிப்பு: 38 ÷ 35 = 1.086 (8.6 சதவீதம்)
வலு அதிகரிப்பு: 1.086 × 1.05 × 1.05 = 1.197 (ஏறத்தாழ 20 சதவீதம்)

65 வாற்றுச் செயலி ஏறத்தாழ 78 வாற்றை வெப்பமாக வெளிவிடும். பதிலாக, 10 நிமிட வேலை மிகச் சிறந்த நிலையிலும் 9 நிமிடம் 13 செக்கன் ஆகும். மீதமாவது 47 செக்கன் மாத்திரமே.

4. மலையகச் சூழல்

லிந்துலை, தலவாக்கலை போன்ற குளிர்ந்த இடங்களில் கணினி வெப்பமடையாது என்று எண்ணுவது முழுமையாகச் சரியன்று. அறை வெப்பநிலை 10 பாகை குறைந்தால் செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ அவ்வளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறைவாதலால், விசிறி அகற்றும் வெப்பமும் சற்றுக் குறையும். நிறுத்தி வைக்கப்பட்ட கணினியில் தூசியுடன் ஈரமும் சேரும். மூடுபனி நேரத்தில் யன்னலருகே பெட்டியைத் திறந்து வைத்தலாகாது. மேலும், குளிர் பூட்டிய பெருக்கியைத் திறக்காது. வலுக்குறைந்த மின்வழங்கியையும் வலுவாக்காது.

5. எது செய்யத்தக்கது?

வீடு முழுவதற்கும் ஒரே கணினி உள்ளபோது அது பழுதடைந்தால் இழப்பது வேகத்தை மட்டுமன்று. செயற்றிட்டக் கோப்புகளும் பயிற்சிக் காலமும் இழக்கப்படும். எனவே முதலில் தாமதம் எங்கே எனக் காண்க. பல மென்பொருள்களைத் திறந்ததும் நினைவகம் நிரம்புமாயின் நினைவகத்தைக் கூட்டுதல் தகும். தொடங்கவே சில நிமிடங்கள் செல்லுமாயின் வன்தட்டிற்குப் பதிலாகத் திண்ம நிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துதல் தகும். இவ்விரண்டும் பூட்டிய செயலியுள்ள கணினிக்கும் பயன்தரும். பாடசாலைக் கணினியில் பயோஸ் அமைப்பை அனுமதியின்றி மாற்றலாகாது.

மாதிரி வினா

ஒரு கணினியின் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹேர்ட்ஸ். அதன் பெருக்கி 32 இலிருந்து 36 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் காணொளி தொகுக்கும்போது கணினி மீளத் தொடங்கியது.
(i) முன்னைய வேகம் யாது?
(ii) வேக அதிகரிப்புச் சதவீதம் யாது?
(iii) மீளத் தொடங்கியமைக்கு இரு காரணங்கள் தருக.
(iv) முதலிற் செய்ய வேண்டியது யாது?

விடை
(i) 3.2 கிகாஹேர்ட்ஸ்
(ii) 4 ÷ 32 × 100 = 12.5 சதவீதம்
(iii) மிகை வெப்பம். மின்வழங்கியின் வலு போதாமை
(iv) பெருக்கியை 32 இற்கு மீட்டு, அதே வேலையைக் கொடுத்துச் சோதித்தல். அப்போதும் மீளத் தொடங்கினால் பழுது வேறிடத்தில் உள்ளது என அறிக.